மோதிரம் இல்லாத விரல்

புதிதாக லைசென்ஸ் வாங்கி, அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடற்கரைக் கோயில் வாசலில் நிற்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எந்த மன்னன் எந்த ரதத்தைச் செதுக்கினான், எந்தப் பாறையில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். என்னைவிட நன்றாகவே ஒப்பிப்பீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. நம் தொழிலில் பாதி, நம் வாயை இன்னொருவருக்கு இரவல் கொடுப்பது. நல்ல நாளில் அது ஒன்றும் பெரிய காரியமில்லை. கெட்ட நாள் ஒன்று வரும். அன்றைக்கு உங்கள் வாயிலிருந்து வருவது யாருடைய பேச்சு என்று உங்களுக்கே குழம்பிப்போகும். எனக்கு அப்படி ஒரு நாள் வந்தது.

நான் பிரெஞ்சு கைடு. பாண்டிச்சேரியில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தபோது ஒட்டிக்கொண்ட மொழி. செங்கல்பட்டிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் மாமல்லபுரம் வந்து இறங்குவேன். தொண்ணூறுகளில் அந்த ஊரில் பெண் கைடு என்றால் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ‘கைடம்மா’ என்று பேர் வைத்துவிட்டார்கள், நானும் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். அது இல்லாமல் அங்கே காலம் தள்ளியிருக்க முடியாது.

கதைக்கு முன்னால் தொழில் சமாசாரம் ஒன்று. வெளிநாட்டு ஜோடி வந்தால் எடுத்த எடுப்பில் ‘உங்கள் கணவர்’, ‘உங்கள் மனைவி’ என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அண்ணன் தங்கையாக இருப்பார்கள், கூட வேலை பார்ப்பவர்களாக இருப்பார்கள், நாம் கேட்கக் கூடாத வேறு எதுவாகவும் இருப்பார்கள். ஆரம்பத்தில் ஒரு பெரியவரிடம் ‘உங்கள் மகளுக்கு வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது’ என்று அக்கறையாகச் சொன்னேன். அந்தம்மா முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அன்றிலிருந்து முதலில் இடது கை மோதிர விரலைப் பார்த்துவிடுவேன். முறைத்துப் பார்த்தால் தப்பாக நினைப்பார்கள் அல்லவா? அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். அர்ச்சுனன் தபசுக்குப் பக்கத்துப் பாறையில் வரிசையாகச் சதுரக் குழிகள் இருக்கும். மர ஆப்பு அடித்து, தண்ணீர் ஊற்றி, பாறையைப் பிளக்க வெட்டியவை. அந்தக் குழிக்குள் விரல்களை வைத்துப் பார்க்கச் சொல்வேன். அவர்கள் கல்லைப் பார்ப்பார்கள், நான் விரலைப் பார்ப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை. ஐம்பதைத் தாண்டிய ஒரு ஜோடி. அவர் உயரமானவர், எதைக் காட்டினாலும் ஒன்றுக்கு நாலாகக் கேள்வி கேட்பவர். அந்தம்மா சிற்பங்களைப் பார்க்கவே இல்லை. அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பாறைக்குழியில் இருவரும் கை வைத்தார்கள். அந்தம்மா விரலில் மோதிரம் இருந்தது. அவர் விரலில் இல்லை. நமக்கென்ன வந்தது என்று காலை முழுக்க ‘மிசியே’, ‘மதாம்’ என்றே ஓட்டினேன்.

கடற்கரைக் கோயிலுக்கு வந்ததும் எல்லாரும் கேட்கிற கேள்வியை அவரும் கேட்டார். “இது பெரிய துறைமுகப் பட்டினம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே, துறைமுகம் எங்கே?” எல்லாரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னேன். கப்பல்கள் நின்ற இடத்தில் இன்றைக்கு அலைதான் இருக்கிறது, தண்ணீர் உள்வாங்கும்போது கோயிலுக்குத் தெற்கே சில கற்கள் தலைகாட்டும் என்றேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். கூடவே, “முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம், இங்கே கடல் உள்ளே இழுக்கும்” என்றும் சொன்னேன். தனக்கு நன்றாக நீந்தத் தெரியும் என்று சிரித்தார். மத்தியானம் அவர்களை ஓட்டல் வாசலில் விட்டுவிட்டு, இன்னொரு கூட்டத்துக்கு ஐந்து ரதத்தைக் காட்டி முடித்து, நாலு மணிக்கு மேல் நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

செங்கல்பட்டு பஸ் கிளம்புகிற நேரத்தில் ஒரு ஆட்டோக்காரர் ஓடிவந்து ஜன்னலைத் தட்டினார்.

“கைடம்மா, எறங்கு எறங்கு. காலைல நீ இட்டுகினு போன வெள்ளக்காரரு கடல்ல போய்ட்டாரு. அந்தம்மா பேசறது எவனுக்கும் புரியல. உன்ன இட்டாரச் சொல்லி போலீசு அனுப்பிச்சி.”

அந்தக் கற்களைத் தேடித்தான் இறங்கியிருக்கிறார். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஏழுமலை என்கிற மீனவர் பார்த்துவிட்டு உள்ளே பாய்ந்திருக்கிறான். அவன் என்னை அக்கா என்று கூப்பிடுகிற பையன் என்பதால் மரியாதைப் பன்மை எனக்கு வரவில்லை, மன்னியுங்கள். ஒரு தடவை முழுகி வெறுங்கையோடு வந்து, மறுபடியும் முழுகி, தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து போட்டிருக்கிறான். உயிர் அதற்குள் போய்விட்டது. உடலைச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, அந்தம்மாவை வாக்குமூலத்துக்கு ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்திருந்தார்கள்.

எந்த ஸ்டேஷன், எந்த எஸ்.ஐ. என்று எழுத மாட்டேன். அந்த மனிதர் கெட்டவர் என்றும் சொல்ல மாட்டேன். அந்தம்மாவுக்குச் சோடா வாங்கிக் கொடுத்து, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தார். அந்தம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பாதமெல்லாம் மணல். வாசல் வராண்டாவில் ஏழுமலை ஈர லுங்கியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பார்த்த சாட்சி என்று கூட்டிவந்திருந்தார்கள். குடித்த உப்புத் தண்ணீரில் அவனுக்கு இன்னும் குமட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், “முடியலக்கா, கைல வந்துட்டாரு, ஆனா முடியல” என்று அழுதான்.

பேர், ஊர், வயது எல்லாம் முடிந்தது. கடைசியில் எஸ்.ஐ. வழக்கமான கேள்வியைக் கேட்டார். “அவர் மேல நகை, வாட்ச் எதாவது இருந்திச்சான்னு கேளும்மா.”

கேட்டேன். அந்தம்மா தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “கல்யாண மோதிரம். தங்கம். அவர் அதைக் கழற்றியதே இல்லை” என்றார்.

பாறைக்குழியில் வைத்த அந்த விரல் என் கண்ணிலேயே நின்றது. அந்த அறையில் பிரெஞ்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான். ‘ஒன்றும் இல்லை என்கிறார் சார்’ என்று நான் சொல்லியிருந்தால் எஸ்.ஐ. பேனாவை மூடியிருப்பார், ஏழுமலை வீட்டுக்குப் போயிருப்பான். ஒரு பொய். யாருக்கும் தெரிந்திருக்காது.

நான் சொல்லவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். வாக்குமூலம் கொடுப்பவர் அவர், அவர் சொன்னதை மாற்ற நான் யார் என்ற நியாயம் இருந்தது. நாளைக்குத் தூதரகத்திலிருந்து வேறு ஆள் வந்து திரும்பக் கேட்டால் நானும் ஏழுமலையும் சேர்ந்து மாட்டிக்கொள்வோம் என்ற பயமும் இருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு அந்த மனுஷர் மோதிரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தால் என்ற சந்தேகமும் இருந்தது. எது எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. சொன்னதைச் சொன்னபடி சொன்னேன்.

“சார், இது அவங்க சொல்றது. நான் ஒண்ணு சொல்லணும்” என்று அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் எஸ்.ஐ. எழுந்துவிட்டார். “இரும்மா” என்று கையைக் காட்டிவிட்டு வராண்டாவுக்குப் போனார்.

“டேய், மோதிரம் எங்கடா?”

“இன்னா மோதிரம் சார்? நான் ஆளத்தான் இழுத்தாந்தேன்.”

அறை விழுந்த சத்தம் உள்ளே வரை கேட்டது. அடித்துப் பழகிய கை. நான் வெளியே ஓடினேன்.

“சார், நில்லுங்க சார். காலைலேந்து மத்தியானம் வரைக்கும் நான் அவரோட இருந்தேன். அவர் கையில மோதிரமே இல்ல. என் கண்ணால பாத்தேன்.”

“பொண்டாட்டி சொல்லுது இருந்திச்சின்னு. வழி காட்ட வந்த நீ சொல்ற இல்லன்னு. நான் யார நம்பறது?”

“பாத்தவள நம்புங்க சார்.”

“ஏம்மா, உனக்கும் இவனுக்கும் இன்னா கணக்கு? நீ வந்தது பேசறத பேசறதுக்கு. அத மட்டும் பண்ணு.” சொல்லிக்கொண்டே இன்னொன்று விட்டார்.

எனக்குத் தலைக்கு ஏறியது. கத்தினால் அவனுக்குத்தான் கூட விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். தம்பிகளா, இந்த இடத்தை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எஸ்.ஐ.யோடு மல்லுக்கு நின்று பிரயோஜனம் இல்லை. அந்தம்மாவிடம்தான் போக வேண்டும். ஆனால் அவர் புருஷனைப் பறிகொடுத்து இன்னும் பொழுதுகூடச் சாயவில்லை. அவரிடம் போய் ‘நீங்கள் சொன்னது பொய்’ என்று எந்த வாயால் சொல்வது?

உள்ளே போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். “மதாம், இதுவரைக்கும் நான் போலீஸ்காரர் பேச்சைப் பேசினேன். இப்போது என் பேச்சைப் பேசுகிறேன். காலையில் பாறைக்குழியில் அவர் விரலை வைத்தபோது நான் பார்த்தேன். மோதிரம் இல்லை” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “இன்றைக்கு என்னிடம் இதைக் கேட்காதே. தயவுசெய்து இன்றைக்கு வேண்டாம்” என்றார்.

வராண்டாவிலிருந்து மறுபடியும் சத்தம். அவர் நிமிர்ந்தார். “யாரை அடிக்கிறார்கள்?”

அவருக்குத் தெரியவே தெரியாது! ஸ்டேஷன் என்றால் யாரையோ எதற்கோ அடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். எனக்கு அப்போது அவர்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் வடிந்துபோனது.

“உங்கள் கணவரைக் கடலிலிருந்து வெளியே கொண்டுவந்தவனை. மோதிரம் எங்கே என்று கேட்டு” என்றேன். அன்றைக்கு முழுக்க அப்போதுதான் ‘கணவர்’ என்ற சொல்லைச் சொன்னேன்.

அந்தம்மா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. வெறுங்காலோடு வராண்டாவுக்குப் போய் எஸ்.ஐ.க்கும் ஏழுமலைக்கும் நடுவில் நின்றார். பேச ஆரம்பித்தார், நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். மோதிரம் அவர் கையில் இல்லை. ரொம்ப நாளாகவே இல்லை. கழற்றி வைத்துவிட்டுத் தனியாகப் போய்விட்டார். விவாகரத்துக்குக் கோர்ட்டுக்குப் போவதற்கு முன் ஒரு கடைசிப் பயணம் சேர்ந்து போகலாம் என்று நான்தான் கெஞ்சிக் கூட்டிவந்தேன். “இந்த ஊரில் எங்களை யாருக்கும் தெரியாது. இங்கேயாவது அவர் என் கணவராகச் செத்துப்போனதாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.”

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஏழுமலையைப் பார்த்து, “சரி, போ” என்றார். அவ்வளவுதான்.

அவன் இடது காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. பிறகு அந்தக் காதில் அவனுக்குக் கேட்கவே இல்லை. செங்கல்பட்டுக்கு நானே கூட்டிப்போய்க் காட்டினேன். ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள்.

மறுநாள் தூதரக வேலையாகப் பாண்டிச்சேரிக்குக் கிளம்புமுன் அந்தம்மா அவனைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். கூட்டிப்போனேன். ஏழுமலையின் மனைவி எங்களைக் கண்டதும், “இப்ப இன்னாத்துக்கு வந்துகீது இது? இன்னொரு காது கீதுன்னா?” என்று எழுந்துவிட்டாள். ஏழுமலை வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இன்னா சொல்லுதுக்கா அது?”

“மன்னிப்பு கேக்கறாங்க ஏழுமல.”

“சரின்னு சொல்லு. போவச் சொல்லு.”

அந்தம்மா வண்டியில் ஏறிய பிறகு என்னிடம் சொன்னான். “நீ கரீட்டாதான் சொன்னக்கா. உன்ன நான் கொற சொல்லல. ஆளு முழுவறான்னு ஒடனே குதிச்சேன் பாரு, அவன் மேல இன்னா கீது, இன்னா இல்லன்னு ஒருத்தரையும் கேக்கல பாரு, அதான் பேஜாரா போச்சி. இனிமே கேட்டுட்டுத்தான் எறங்குவேன்.” வலியில் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் செய்தது சரி. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். சரியாகச் செய்துவிட்டேன் என்பதால் அவன் காது திரும்பி வரவில்லை. அதனால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், இதைச் சட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விருந்தாளிக்கு ஏதாவது ஆகி, ஊர்க்காரர் ஒருவர் ஓடிவந்து தூக்கினால், முதலில் போய் அவர் பக்கத்தில் நில்லுங்கள். போலீஸ் வந்தால் நீங்கள் சொல்லும் முதல் பேச்சு, ‘இவர்தான் காப்பாற்றப் போனவர், நான் பார்த்தேன்’ என்பதாக இருக்கட்டும். மொழிபெயர்ப்பெல்லாம் அதற்கு அப்புறம். நான் அன்றைக்கு ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் நேரே அந்தம்மா பக்கத்தில் போய் நின்றேன். சம்பளம் கொடுத்தவர் பக்கத்தில் நிற்பது நம் பழக்கம். வராண்டாவில் இருந்தவனுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

அதற்கப்புறம் வருஷங்கள் ஓடிவிட்டன. நாவலூர் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பி, சனி ஞாயிறு ஆனால் ஆபீஸ் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்கு வர ஆரம்பித்த காலம். ஏழுமலைக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. நான் ஒரு குடும்பத்துக்குக் கோயிலைக் காட்டி முடித்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தேன். கரையில் அலறல்.

ஊரப்பாக்கத்திலிருந்து வந்த புதுமணத் தம்பதி. அவன் நாவலூரில் ஏதோ கம்பெனியில் இன்ஜினியர், கூட வேலை பார்க்கிறவர்களோடு வந்திருக்கிறான். நண்பர்களோடு பந்தை வைத்து விளையாடிக்கொண்டிருந்தவனை அலை இழுத்துவிட்டது. தலை தெரிகிறது, மறைகிறது. நண்பர்கள் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. அந்தப் பெண் மஞ்சள் கயிறு மாறாத கழுத்தோடு மணலில் விழுந்து எழுந்து ஓடுகிறாள். படகு நிழலில் இருந்த ஏழுமலையைப் பார்த்து, “அண்ணா, காப்பாத்துங்கண்ணா” என்று காலில் விழுந்தாள்.

ஏழுமலை எழுந்தான். சட்டையைக் கழற்றி எறிந்தான். தண்ணீர் விளிம்பு வரைக்கும் ஓடினான். அங்கே நின்றுவிட்டான்.

“உன் வூட்டுக்காரன் மேல இன்னா இன்னா கீது? சொல்லு!”

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. “அண்ணா, போங்கண்ணா, சீக்கிரம்...”

“செயின் கீதா? மோதரம் கீதா? சத்தமா சொல்லு, இவங்கல்லாம் கேக்கட்டும்!”

“செயின்... எங்கப்பா போட்ட செயின்... இல்லண்ணா, ரூம்ல கழட்டி வெச்சாரு... தெரியலண்ணா, தெரியல...”

“இந்தக் காது கேக்காது. இந்தாண்ட வந்து சொல்லு!”

அந்தப் பெண் அவனைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஓடினாள். ஓடி வந்து, அவன் வலது காதருகே நின்று, மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அவள் கண் கடலில் இருந்தது. தலை இப்போது தெரியவில்லை.

நான் மணலில் ஓடிக்கொண்டே கத்தினேன். “ஏழுமல! நான் சாட்சிடா! நான் பாத்துக்கறேன், நீ போடா!”

திரும்பி என்னைப் பார்த்தான். பாய்ந்தான்.

அவன் அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து போட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. வயிற்றை அமுக்கினார்கள், வாயில் ஊதினார்கள், கவிழ்த்துப் போட்டார்கள். நண்பர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். இந்தத் தடவை நான் ஏழுமலை பக்கத்தில்தான் நின்றேன், அவன் தோளைப் பிடித்துக்கொண்டு.

அந்தப் பெண் மட்டும் அழவில்லை. கணவன் தலைமாட்டில் உட்கார்ந்தபடி ஏழுமலையை நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் அவன் கேட்ட கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருந்தாள்.

“வாட்ச் கட்டியிருந்தாருண்ணா. இப்பதான் ஞாபகம் வந்துச்சு. வாட்ச் மட்டும்தான்” என்றாள்.

ஏழுமலை என் கையை விலக்கிவிட்டு மண்டியிட்டான். செத்தவனின் மணிக்கட்டைப் பிடித்து, கூட்டம் முழுக்கத் தெரிகிற மாதிரி உயரத் தூக்கினான்.

“எல்லாரும் பாத்துக்கோங்க” என்றான். “கீது.”